பக்ராதாஸ் ஆற்றங்கரை வீடு

தாரா கோட்டை, பாரசீக எல்லை
கார்த்தேஜ் கைவிட்டுப் போன இரண்டாம் ஆண்டு, மார்ச்

அன்புள்ள அக்கா வில்லரூனாவுக்கு,

தம்பி ஆரிமுந்த் வணங்கி எழுதுவது. உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. நீயும் அம்மாவும் என் எர்மெங்காவும் எங்கள் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி வந்தால் அன்றைக்குச் சோற்றில் ருசி தெரியும்.

தேதியைப் பார்த்துச் சிரிக்காதே. நம் ஆட்கள் கார்த்தேஜைப் பிடித்த நாளிலிருந்து ஆண்டு எண்ணினார்கள். நான் அது போன நாளிலிருந்து எண்ணுகிறேன்.

பேரரசரின் தலைநகரில் எங்களைக் கைதிகளாக ஊர்வலம் விட்டார்கள். நம் அரசர் முன்னால் நடக்க, உயரமானவர்களாகப் பொறுக்கி எடுத்த நாங்கள் பின்னால் நடந்தோம். ஜனங்கள் கல்லெறிவார்கள் என்று பயந்தேன். எறியவில்லை. பழம் தின்றுகொண்டே பார்த்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. பிறகு குதிரைப் படைகளாகப் பிரித்து, பேரரசரின் பெயரோடு நம் இனத்தின் பெயரையும் ஒட்டி 'வாண்டல் படை' என்று பெயரும் சூட்டி, இந்தப் புழுதிக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது நான் நம்மை வென்றவர்களின் குதிரை மேல் உட்கார்ந்து அவர்களுடைய எல்லையைக் காக்கிறேன்.

என் கூடாரத்தில் சிந்திவுல்ட் என்று ஒரு மூத்த வீரன். காய்ந்த ரொட்டியைக் கையில் எடுத்ததும் ஆரம்பித்துவிடுவான். "பாதாம் வச்சுச் சுட்ட கௌதாரி. மேல லேசா மீன் சாறு. வெந்நீர்ல ஊறிட்டு வந்து உக்காந்து தின்னணும்டா." எனக்கு நம் வெந்நீர் அறையின் தரை ஞாபகம் வரும். காலையில் ஆற்றிலிருந்து ஏறி வரும் பனிமூட்டமும், பீச் மரங்களுக்கு நடுவே எர்மெங்கா டாமிராவை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவதும் ஞாபகம் வரும்.

வீடு நம்மிடம்தானே இருக்கிறது? எர்மெங்கா எப்படி இருக்கிறாள்? விவரமாக எழுது.

என்றும் உன் தம்பி,
ஆரிமுந்த்


மெம்ப்ரெஸ்ஸா, ஜூன்

என் தம்பிக்கு,

உன் கடிதம் எண்ணெய் வணிகரின் கையில் வந்தது. நீ உயிரோடு இருப்பதே எங்களுக்கு விருந்து. இங்கே எல்லோரும் கடவுள் தயவில் நடமாடுகிறோம். அம்மாவுக்கு மட்டும் சாப்பாடு குறைந்துவிட்டது. கேட்டால், "உக்காந்த எடத்துல இருக்கறவளுக்கு எதுக்கு அவ்வளவு?" என்கிறாள்.

வீடு இருக்கிறது. அதில் படைவீரர்களைத் தங்க வைத்திருக்கிறார்கள். வந்த அன்றே குதிரைகளை வெந்நீர் அறையில் கட்டினார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்க்கும் அந்தத் தரையின் மேல்தான். அம்மா கம்பை எடுத்துக்கொண்டு போய்க் குதிரைகளைத் திட்டினாள். வீரர்களைத் திட்டப் பயம், அதனால் குதிரைகளை.

நிலம் அளக்க அதிகாரிகள் வந்து போனார்கள். வாண்டல்களின் நிலமெல்லாம் பேரரசரின் கருவூலத்துக்கு என்று பேச்சு அடிபடுகிறது. பேச்சுதான். ஆலிவ் இந்த முறை நன்றாகப் பூத்திருக்கிறது. திரிகமாரத்துப் போரில் என் வீட்டுக்காரர் போனதிலிருந்து தோப்பு வேலை என் தலையில்தான். அதுவும் நல்லதற்கே, யோசிக்க நேரம் கிடைப்பதில்லை.

டாமிரா ஓடுகிறாள். 'அத்தை' என்று தெளிவாகச் சொல்கிறாள். எர்மெங்கா சுகம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா வில்லரூனா


தாரா, ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மாவைச் சாப்பிடச் சொல். இது என் உத்தரவு என்று சொல்.

குதிரைகளைத் திட்டிய கதையைச் சொன்னதும் சிந்திவுல்ட் கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிறகு ஆளுக்கு ஆள் தம் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினோம். நான் கொள்ளுத்தாத்தாவைச் சொன்னேன். ஓடும் வண்டியில் பிறந்து, எந்த ஊரில் பிறந்தோம் என்று தெரியாமலே வளர்ந்து, ஸ்பெயினிலிருந்து படகில் கடல் தாண்டி வந்தவர். கார்த்தேஜ் பிடிபட்டதும் சீட்டுப் போட்டு நிலம் பிரித்தபோது அவர் பெயருக்கு நம் வீடு விழுந்தது. சுவருக்குள் படுத்தால் தூக்கம் வராது என்று சாகும்வரை முற்றத்தில்தான் படுத்தார் என்பார் அப்பா. தாத்தா அந்த வீட்டில் பிறந்த முதல் பிள்ளை. அவர் கப்பலேறி ரோமாபுரியைக் கொள்ளையடித்து வந்தார். அப்பா பட்டு உடுத்திக் கூத்துப் பார்த்தார். நான்? நான் வெந்நீரில் ஊறினேன். எதிரி வந்து இறங்கியபோது நாம் பீச் பழம் பறித்துக்கொண்டிருந்தோம், நினைவிருக்கிறதா? ஆனாலும் அக்கா, அந்தப் பழத்தின் ருசி.

எர்மெங்காவைப் பற்றி இரண்டே வார்த்தை எழுதியிருக்கிறாய். சுகம் என்றால் எப்படிச் சுகம்? என்னைப் பற்றி என்ன கேட்டாள்? கோபமாக இருக்கிறாளா? கப்பல் ஏறும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள். பார்த்தேன். பின்னால் இருந்தவன் தலை மறைத்துவிட்டது. இதை அவளிடம் அப்படியே சொல்.

ஆவலோடு காத்திருக்கும்,
ஆரிமுந்த்


மெம்ப்ரெஸ்ஸா, அக்டோபர்

தம்பி,

நீ எங்கே இருந்தாலும் கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும். இதைப் படிக்கும் முன் உட்கார்ந்துகொள்.

அம்மா போய்விட்டாள். திராட்சை அறுவடைக்குப் பிந்திய ஞாயிறு. வலி இல்லை. உன் பெயரைச் சொன்னாள், அப்பா பெயரைச் சொன்னாள், பிறகு சொல்ல ஒன்றுமில்லாதவள் போல இருந்துவிட்டாள். நம் சபையின் கோவிலைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். புதுப் பாதிரியார் நம் மொழியில் பாடக்கூடாது என்றார். நானும் எர்மெங்காவும் வாய்க்குள்ளேயே பாடினோம். அப்பாவுக்குப் பக்கத்தில், அத்தி மரத்தடியில் வைத்தோம். குளிப்பாட்டியது எர்மெங்காதான். என்னை ஒன்றும் செய்ய விடவில்லை.

குழி வெட்டியது திரூலஸ் என்ற திரேசியன். இங்கே தங்கியிருக்கும் வீரர்களுக்குத் தலைவன். முரட்டு ஆள், ஆனால் கை சும்மா இருக்காது. குதிரைகளை வெந்நீர் அறையிலிருந்து வெளியேற்றித் தரையைத் தேய்த்துக் கழுவினான். மழைநீர்த் தொட்டியில் விரிசல் விட்டிருந்ததே, அப்பா காலத்திலிருந்து எல்லோரும் பூசுகிறோம் பூசுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அதைச் சுண்ணாம்பும் ஓட்டுத்தூளும் கலந்து பூசிவிட்டான். இப்போது ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

எர்மெங்காவிடம் நீ சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

குளிர் வருகிறது. காலை மூடிக்கொண்டு தூங்கு.

அக்கா


தாரா, மூன்றாம் ஆண்டு, பிப்ரவரி

அக்காவுக்கு,

அம்மாவுக்காக இங்கே நாங்கள் எல்லோரும் நம் மொழியில், சத்தமாகவே பாடினோம். எல்லையில் யாரும் தடுப்பதில்லை. நீ தனியாக நின்று எல்லாவற்றையும் செய்திருக்கிறாய். உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தொட்டிக்கு எத்தனை வரி, எர்மெங்காவுக்கு எத்தனை வரி என்று நீயே எடுத்துப் பார். 'கேட்டுக்கொண்டாள்' என்றால் என்ன? ஒன்றை நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அவள் இருக்கிறாளா?

ஆனால் பதிலை இங்கே அனுப்பாதே. எங்களைக் கடல் வழியாக வேறு எங்கோ மாற்றுகிறார்கள். கடலைப் பார்க்கப் போகிறோம் என்று கேட்டதிலிருந்து நம் ஆட்கள் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. எல்லோரும் ஒரே விஷயத்தை யோசிக்கிறோம். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆரிமுந்த்


மெம்ப்ரெஸ்ஸா, மார்ச்

என் தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும் நலமாக இருக்க வேண்டும். கடைசியாக நீ எழுதியது என்னவென்று தெரியவில்லை, இந்தக் குளிர்காலத்தில் உன் கடிதம் எதுவும் வரவில்லை. அதற்காகக் காத்திராமல் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதவே மாட்டேன்.

போன செப்டம்பரில் அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். நம்மை வெளியேறச் சொன்னார்கள். அம்மா படுக்கையில். படைவீரனுக்கு மனைவியான வாண்டல் பெண்ணை மட்டும் உடனே கிளப்ப மாட்டார்கள், வழக்கு நடத்தலாம் என்று ஊரில் பேச்சு. இரண்டு நாள் கழித்து எர்மெங்கா ஆலிவ் கொட்டியிருந்த அறைக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"அண்ணி, நான் திரூலஸைக் கட்டிக்கப் போறேன். உங்ககிட்ட சம்மதம் கேக்கல. நீங்க சம்மதிச்சா அந்தப் பாவம் உங்க மேலயும் வரும். நான் சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

நான் கூடையைத் தூக்கி எறிந்தேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். அவள் சிதறிய ஆலிவ்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள்.

அம்மா தன் கட்டிலில், தன் கூரையின் கீழ் செத்தாள் என்றால் அது எர்மெங்காவால். அம்மாவுக்கு இது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான். இப்போது டாமிரா அவனைத்தான் அப்பா என்கிறாள். நான் எழுதவில்லை என்று வையாதே. எழுத உட்காரும்போதெல்லாம் தொட்டியைப் பற்றித்தான் எழுத வந்தது.

திரும்பி வரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு, தம்பி.

அக்கா


ஆற்றுக்கு மேற்கே, கலகக்காரர் முகாம்
ஜூன்

அக்காவுக்கு,

ஆச்சரியப்படாதே. நான் உனக்கு இரண்டு நாள் நடை தூரத்தில் இருக்கிறேன். சுகமாக இருக்கிறேன். இதைக் கொண்டு வரும் கரி வியாபாரி நம்பகமானவன்.

லெஸ்போஸ் தீவருகே பாய் புடைத்து நல்ல காற்று வீசியது. யார் முதலில் எழுந்தார்கள் என்று தெரியவில்லை. மாலுமிகளின் கழுத்தில் வாளை வைத்து மேற்கே திருப்பச் சொன்னோம். மனிதர் இல்லாத கடற்கரை ஒன்றில் கப்பல்களை அப்படியே விட்டுவிட்டு இறங்கினோம். சிந்திவுல்ட் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தான். "இதே வாசனைதான்டா" என்றான். வெறும் மணல் அது. யாரும் மறுக்கவில்லை. வழியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான்.

பேரரசரின் சொந்தப் படையே கலகம் செய்திருக்கிறது. எல்லாம் நம் பெண்களைக் கட்டிக்கொண்டவர்கள். மனைவியின் நிலத்தைக் கருவூலம் எடுக்கக் கூடாது என்கிறார்கள். நாங்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டோம். நம்மைத் தோற்கடித்தவனோடு ஒரே தட்டில் தின்கிறோம். இங்கே என்னை எல்லோரும் இடக்கையன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயரைக் கேட்பார் இல்லை.

நேற்று ஆற்றில் குதிரைக்குத் தண்ணீர் காட்டும்போது ஒரு திரேசியன் பேச்சுக் கொடுத்தான். வீட்டு நினைப்பு வந்துவிட்டது அவனுக்கு. "ஆத்தங்கரைல வீடு. வெந்நீர் அறைல நீல மீன் போட்ட தரை. அதத் தேய்ச்சு எடுக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு. ஊர்ல நான் ஆடு மேய்ச்சவன்பா, எங்க கூரைல மழ பேஞ்சா உள்ளயும் பேயும். இந்த வீட்டுத் தொட்டில ஒரு சொட்டு கசியாது. எர்மெங்கா, என் பொண்டாட்டி, அவகூட அத மட்டும் ஒத்துக்குவா."

குதிரை தண்ணீர் குடித்து முடித்த பிறகும் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

நீ ஏன் தொட்டியைப் பற்றியே எழுதினாய் என்று தெரிந்துகொண்டேன். பதில் எழுத வேண்டியதில்லை.

ஆரிமுந்த்


மெம்ப்ரெஸ்ஸா, ஜூன்

தம்பி,

பதில் எழுதாமல் எப்படி இருப்பேன்? உண்மையை எழுதி மார்ச்சில் உனக்கு அனுப்பினேன். வணிகர் அரக்கு முத்திரை உடையாமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். அதை இத்துடன் அனுப்புகிறேன். படி.

உன் கையில் வாள் இருக்கிறது, அவன் உன் பக்கத்தில் தூங்குகிறான். இதை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவனைக் கொன்றால் உன்னைக் குறை சொல்ல யாரும் இல்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை யோசி. கொள்ளுத்தாத்தா இந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது உள்ளே ஒரு ரோமானியக் குடும்பம் இருந்தது. ஒரு பெண், இரண்டு மகள்கள். கொள்ளுத்தாத்தா அவர்களுக்கு ஒரு வண்டியும் கழுதையும் கொடுத்து அனுப்பினார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். நாமும் பெருமையாகக் கேட்போம். அந்த வண்டி எங்கே போயிற்று என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

நீ வந்திருப்பது எர்மெங்காவுக்குத் தெரியாது. சொல்லட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். பேரரசரின் தளபதி பெரும்படையோடு ஆற்றோரமாக வருகிறார் என்கிறார்கள். கவனமாக இரு.

அக்கா


முகாம், ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதங்கள் இரண்டையும் படித்தேன். மார்ச்சில் எழுதியதைப் பல முறை.

அவளிடம் சொல்லாதே.

அவனைக் கொல்லத்தான் நினைத்தேன். உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? இன்று காலை ஆற்றங்கரையில் தனியாகச் சேணத்தைத் தைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டாமிரா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இடி இடித்தால் பயப்படுவாளாம். அப்போது அவன் சட்டைக்குள் தலையை விட்டுக்கொள்வாளாம். சொல்லிவிட்டுத் தையலை நிறுத்தினான்.

"நீ கிழக்கேருந்துதான வந்த? அங்க ஆரிமுந்த்னு ஒருத்தனத் தெரியுமா?"

"எதுக்குக் கேக்குற?"

"அவளோட மொதப் புருஷன். அவ அவனப் பத்திப் பேச மாட்டா. அவன் சேணம் ஒண்ணு தொங்குது, என்னத் தொட விட மாட்டா. நானும் தொடறதில்ல. அவன் திரும்பி வந்தா நான் என்ன செய்யணும்னு ரொம்ப நாளா யோசிக்கிறேன். ஒண்ணும் புலப்படல. சண்ட போடவும் மனசு வரல, போகவும் மனசு வரல."

இடுப்புக் கத்தி மேல்தான் என் கை இருந்தது, அக்கா.

"தெரியும்" என்றேன். "காய்ச்சல்ல செத்துட்டான். நாந்தான் பொதச்சேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தான். ஜெபம் போல இருந்தது. எனக்காக ஒருவன் ஜெபம் செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "நல்லபடியா அடக்கம் பண்ணுனியா?" என்று கேட்டான். பண்ணினேன் என்றேன். சிந்திவுல்டைப் புதைத்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

எதிரியின் புழுதி தெரிகிறது. நாளையோ மறுநாளோ. தோற்றால் நம் ஆட்கள் மேற்கே மலைக்குப் போவதாக ஏற்பாடு.

டாமிராவை என் சார்பில் முத்தமிடு. காரணம் சொல்லாதே.

ஆரிமுந்த்


மெம்ப்ரெஸ்ஸா, செப்டம்பர்

என் அன்புத் தம்பிக்கு,

நீ மலையில் உயிரோடு இருக்கிறாய் என்று கரி வியாபாரி சொன்னான். அந்த வார்த்தைக்கு அவனுக்கு ஒரு ஜாடி எண்ணெய் கொடுத்தேன். இங்கே நாங்கள் நால்வரும் சுகம்.

ஆற்றங்கரைச் சண்டை முடிந்த மூன்றாம் நாள் திரூலஸ் தொடையில் காயத்தோடு வந்து சேர்ந்தான். ஆயுதத்தைப் போட்டவர்களுக்கு உயிர் மட்டும் மிச்சம் என்று தளபதி அறிவித்தாராம். கட்டுப் போட்டு முடித்ததும் எர்மெங்காவை உட்காரச் சொல்லி, நீ இறந்த செய்தியைச் சொன்னான். அவளுக்கு அழுகை வரவில்லை. யார் சொன்னது என்று கேட்டாள்.

"ஒரு வாண்டல் ஆளு. அவனே பொதச்சானாம்." சற்று நிறுத்தி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நல்ல மனுஷன். டாமிரா எப்படி இருக்கான்னு கேட்டான். நான் பாப்பா பேர அவன்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல."

எர்மெங்கா எழுந்து போய் மாவு பிசைந்தாள். அன்று மூன்று வேளைக்குப் போதுமான மாவைப் பிசைந்தாள். மறுநாள் முறைப்படி உனக்குத் துக்கம் அனுசரித்தோம். திரூலஸும் நொண்டிக்கொண்டு வந்து எங்களோடு நின்றான். அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உனக்காக எல்லோரும் உண்மையாகவே அழுதோம்.

வீடு போய்விட்டது. கலகக்காரனின் வீடு என்பதால் வழக்கும் இல்லை. வாண்டல் பெண்கள் யாரும் ஆப்பிரிக்காவில் இருக்கக் கூடாது என்றும் உத்தரவு. கழுதை வண்டி ஒன்றைத் திரூலஸ் எங்கிருந்தோ வாங்கி வந்திருக்கிறான். கார்த்தேஜ் துறையிலிருந்து கப்பல். திரேசிய மலையில் அவனுடைய அப்பாவின் வீடு. அதே ஒழுகும் கூரை வீடு. போனதும் முதல் வேலை கூரை வேய்வதுதான் என்கிறான். நான் வரவில்லை என்றேன். "வராம இங்க யாருகிட்ட சண்ட போடுவீங்க அக்கா?" என்றான். போகிறேன்.

நீ கிழக்கே இருந்து இந்த மண்ணுக்கு ஏங்கினாய். இப்போது மண்ணோடு நீ இருக்கிறாய், நாங்கள் கிழக்கே போகிறோம். அம்மாவும் அப்பாவும் அத்தி மரத்தடியில் இருக்கிறார்கள். எப்போதாவது இறங்கி வர முடிந்தால் பார்த்துவிட்டுப் போ.

இன்று காலை கரி வியாபாரி வந்தபோது எர்மெங்கா முற்றத்தில் இருந்தாள். "மலைல பனி விழுமா அண்ணி?" என்று என்னைக் கேட்டாள். விழும் என்றேன். உள்ளே போய், தனக்கென்று நெய்து வைத்திருந்த கம்பளிப் போர்வையை எடுத்துவந்து அவன் கழுதை மேல் வைத்தாள். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அவன் கேட்டான்.

"அங்க குளிர்ற யாருக்காவது குடுங்க" என்றாள். சொல்லிவிட்டு, கழுதை திரும்பி ஆற்றுப் பாதையில் மறையும்வரை நின்றாள்.

நலமாக இரு, தம்பி. போர்வையை மடித்து வைக்காதே, போர்த்திக்கொள்.

அக்கா வில்லரூனா